காதை இழுத்தால் உருளைக்கிழங்கு

எல்ம் ஃபோர்க், நெப்ராஸ்கா
வியாழக்கிழமை மதியம்

என் பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய ஆரின் அண்ணாவுக்கு,

உன் தம்பி லைல் எழுதுவது. உன் ரத்த அழுத்தம் டாக்டர் சொன்ன எண்ணிலேயே நிற்கும் என்றும், ரோவீனா அண்ணியின் முழங்கால் படியேறச் சம்மதிக்கிறது என்றும் நம்புகிறேன். இங்கே நானும் ஜொலீனும் மகள் மார்னியும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அவர்கள் இருவரும் நலம். நான் பத்து நாளில் நாலு கிலோ இளைத்திருக்கிறேன். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்துக் கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு போய்விட்டது. அதைச் சரிசெய்த பல் டாக்டர், என் வாய்க்குள் இரண்டு கையையும் விட்ட பிறகு, "போன வருஷம் முதல் ஆட்டத்துல அம்பத்திரண்டு புள்ளி விட்டீங்களே, அது வலிச்ச மாதிரி இந்த ஊசி வலிக்காது" என்றார். அம்பத்திரண்டு விட்டது எனக்கு முன்னால் இருந்த ஆள். அதைச் சொல்லத்தான் வாய் காலியாக இல்லை.

போனில் பேசாமல் என்ன இது கடிதம் என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. சனிக்கிழமை அமெரிக்கன் ஃபுட்பாலில் உன் கல்லூரியும் என் கல்லூரியும் மோதப்போகின்றன. தாக்குதல் ஆட்டத்தைப் போட்டுக்கொடுக்கிற நீ அந்தப் பக்கம், அதைத் தடுக்கிற நான் இந்தப் பக்கம். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் நாம் போனில் குசுகுசுத்தோம் என்று எவனாவது சொன்னால் இரண்டு பேர் வேலையும் போகும். அதோடு உன் குரலைக் கேட்டால் நான் உளறிவிடுவேன். அதனால் காகிதம்.

இந்த ஊரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் ஊரும் இதே லட்சணம்தான். முடிவெட்டுகிறவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, "நடுவுல புகுந்து ஓடினா என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்கிறார். காலை வானொலியில் டயர் கடை வெர்ன் வாரம் தவறாமல் கூப்பிட்டு, நம் தடுப்பு வரிசையைவிடத் தன் கொட்டகைக் கதவு மேல் என்கிறார், அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது என்றும் சேர்த்துச் சொல்கிறார். போன ஞாயிறு சர்ச்சில் பாஸ்டர், இடுப்பெலும்பு முறிந்த மிஸஸ் டோலெஜலுக்கும் மழைக்கும் நடுவில் என் தடுப்பு வரிசைக்காகப் பிரார்த்தனை செய்தார். ஆமென் அந்த இடத்தில்தான் பலமாக வந்தது. ஜொலீன் என் கையைப் பிடித்து அழுத்தினாள், ஆறுதலுக்கா சிரிப்பை அடக்கவா என்று இன்னும் கேட்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் எனக்கென்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். முதல் நாள் பெருமையாகத்தான் இருந்தது. காற்றில் அது திரும்பியபோது பார்த்தால் பின்பக்கம் பழைய ஆளின் பெயர் இருக்கிறது. ஆணி அடிக்கவில்லை, கொக்கியில் மாட்டியிருக்கிறார்கள். நாலு வருஷத்தில் நான் மூன்றாவது ஆள். தலைமைக் கோச் டக் ஹெய்மர் ரொம்பப் பதவிசாகப் பேசுகிறவர், கத்தினால்கூடத் தேவலை. என் தோளில் கையைப் போட்டு, "லைல், இருபத்தொண்ணு வரைக்கும் விட்டா நான் தாங்குவேன். அதுக்கு மேல போச்சுன்னா நாம உக்காந்து பேசுவோம்" என்றார். இந்தத் தொழிலில் உட்கார்ந்து பேசிய எவனும் எழுந்து அதே அறைக்குப் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். நீயே இரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறாய்.

இது எனக்கு மட்டும் என்றால் வேறு ஊர் பார்த்துக்கொள்வேன். மார்னிக்குப் பள்ளியில் இது கடைசி வருஷம். ஏழு வருஷத்தில் இது ஐந்தாவது பள்ளி. இங்கே வந்த அன்று, பெட்டியைப் பிரிக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "அப்பா, இந்தத் தடவையாவது சிநேகிதி பிடிக்கலாமா, இல்ல சும்மா சிரிச்சு வெச்சா போதுமா?" என்று கேட்டாள். பிடி, இங்கேதான் நீ படித்து முடிப்பாய் என்று சத்தியம் பண்ணிக்கொடுத்தேன். பிடித்துவிட்டாள், அண்ணா. டெசா என்று ஒருத்தி, தினமும் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியைத் திறந்து பார்க்கிற அளவுக்கு. நான் வாக்குத் தவறக் கூடாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்தை உங்கள் கல்லூரியே இணையத்தில் போட்டிருந்தது, திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கல்லூரிக்காரர்களுக்கு ஹெல்மெட்டுக்குள்ளேயே பேச்சு கேட்கிறது, நம்மைப் போன்றவர்களுக்குக் கைதான் வாய். கோட்டுக்கு வெளியே நின்று உன் ஆள் ஒருவன் உள்ளே சைகை காட்டினான். வலது காதை இரண்டு தடவை இழுத்தான். என் வாயில் இருந்த சாண்ட்விச் அப்படியே நின்றுவிட்டது. உருளைக்கிழங்கு.

ராச்சாப்பாட்டு நேரத்தில் வானொலியில் சோள விலையும் மழைச் செய்தியும் முடிகிற வரைக்கும் மேஜையில் ஒருவரும் மூச்சுக் காட்டக் கூடாது என்று அப்பா போட்ட சட்டமும், நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சைகையிலேயே சாப்பிட்டதும் எப்படி மறக்கும்? காதை இழுத்தால் உருளைக்கிழங்கு. அது அம்மா பக்கத்தில் இருக்கும், உனக்கு இடது கை, எனக்கு வலது. முழங்கையைத் தட்டினால் ரொட்டி, அது எதிர்ப்பக்கம். மூக்கைச் சொறிந்தால் அப்பா பார்க்கிறார், எல்லாவற்றையும் நிறுத்து. உச்சந்தலையைத் தட்டினால் என் பீன்ஸை மேஜைக்கு அடியில் நாய்க்குக் கடத்து.

படத்தை ஓடவிட்டுப் பார்த்தேன். காதை இழுத்தான், உன் பையன்கள் இடப்பக்கம் ஓடினார்கள். முழங்கையைத் தட்டினான், வலப்பக்கம். மூக்கைச் சொறிந்தான், போட்ட திட்டத்தை மாற்றினார்கள். உச்சந்தலையைத் தட்டினான், பந்தை வயிற்றோடு மறைத்து வேறொருவன் கைக்கு மாற்றினார்கள். நாற்பது வயது தாண்டிய மனுஷன், கல்லூரிக் கூட்டத்துக்கே நம் வீட்டு பீன்ஸ் கடத்தலைக் கற்றுக்கொடுத்திருக்கிறாய். சிரிப்பாய்ச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் என் தடுப்புக்காரர்களுக்கு ஜனவரியில் நான் சொல்லிக்கொடுத்த சைகைகளும் அவையேதான். காதை இழுத்தால் எல்லோரும் வலப்பக்கம் நகர வேண்டும். உனக்கு இடது, எனக்கு வலது. நாம் இரண்டு பேரும் இன்னும் அந்த மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றுதான் இருந்தேன். திங்கட்கிழமைப் பயிற்சியில் குட்டு வெளிப்படப் பார்த்தது. வழக்கம்போல எங்களில் ஒரு பாதியை உங்கள் ஆட்களாக நிற்கவைத்தோம். உதவிக் கோச் ஒருவர் கர்மசிரத்தையாக அந்தப் படத்தைப் பார்த்து உங்கள் சைகைகளையும் அப்படியே காட்டச் சொல்லியிருக்கிறார். எதிர்ப்பக்கம் ஒருவன் காதை இழுத்தான். நான் விரலைக்கூட அசைக்கவில்லை. என் பதினோரு பேரும் வலப்பக்கம் பாய்ந்து, பந்து வருவதற்கு முன்பே போய்க் காத்துக்கொண்டிருந்தார்கள். முழங்கை, இடப்பக்கம் காத்திருந்தார்கள். உச்சந்தலை, ஒளித்த பந்தை வைத்திருந்தவன் மேலேயே போய் விழுந்தார்கள். ஹெய்மர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"லைல், பயலுகளுக்கு என்னய்யா குடுத்த?"

"ஒண்ணுமில்லை, நல்லா படிச்சிருக்காங்க."

"படிப்பா? அந்த மைக்கா போன செமஸ்டர்ல மூணு பாடத்துல ஃபெயில்."

நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். அது நன்றாகத்தான் கட்டியிருந்தது. அன்றிலிருந்து அவர் என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்க்கிறார், அதைத்தான் தாங்க முடியவில்லை. வெர்ன்கூட வானொலியில், இப்போது நம் வரிசைக்கு ஈடுகொடுக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

நடுவில் அம்மா போன் செய்தாள். சனிக்கிழமை வருகிறாளாம். உன் கல்லூரி சிவப்புச் சட்டையையும் என் கல்லூரி பச்சைச் சட்டையையும் நடுவில் வெட்டி ஒன்றாகத் தைத்து வைத்திருக்கிறாளாம்.

"யாருக்கும்மா கை தட்டுவே?" என்று கேட்டேன்.

"பந்து யார் கையில இருக்கோ அவனுக்கு."

"அம்மா, எங்கள்ல ஒருத்தனுக்கு வேலை போயிடும்."

"அதான்டா நடு சீட்டா வாங்கியிருக்கேன். யார் அழுதாலும் கிட்ட இருக்குமே." பிறகு, "ஏன்டா குரல் ஒரு மாதிரி இருக்கு? மறுபடியும் பீன்ஸ ஒளிக்கறியா?" என்றாள்.

அப்பாவுக்குத்தான் தெரியாது, அவளுக்கு அன்றே எல்லாம் தெரிந்திருக்கிறது. போனை வைத்ததும் நான் தீர்மானம் செய்துவிட்டேன்.

ஆகவே, அண்ணா, இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷமே உன் சைகைகளை எல்லாம் மாற்றிவிடு. காதையும் மூக்கையும் விட்டுவிடு, பலகையில் மாட்டுப் படமோ பன்றிப் படமோ வரைந்து காட்டு. உன் கோச் உன்னைப் பற்றிச் சாப்பாட்டு விருந்தில் எல்லார் முன்னாலும், "நம்ம ஆரினுக்கு இதுதான் கடைசி சான்ஸ்னு அவருக்கே தெரியும்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியதை அண்ணி என் ஜொலீனிடம் சொல்லி அழுதிருக்கிறாள். உன்னை உன் பீன்ஸை வைத்தே தோற்கடித்தேன் என்றால் நான் மனுஷனில்லை. என் சைகைகளை நான் தொடவில்லை, நீ பார்த்தால் உனக்கும் புரியும். இரண்டு பேரும் ஒரே மாதிரி நிராயுதபாணியாக நிற்கிறோம். யார் நன்றாக ஆடுகிறார்களோ ஜெயிக்கட்டும். நான் தோற்று மார்னியிடம் போய் நிற்க வேண்டி வந்தால், அதையும் நேர்மையாகத் தோற்றுவிட்டுப் போய் நிற்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம். உன் இரட்டையர்களுக்கு என் முத்தங்கள், இரண்டு பேருக்கும் சம எண்ணிக்கையில். ஜொலீன் அவர்களுக்காகப் கசகசா வைத்த கொலாச் பன் சுட்டிருக்கிறாள், அம்மா வழியாக வரும். கர்த்தர் உன் வீட்டையும் என் வீட்டையும் ஒரே கண்ணால் பார்க்கட்டும்.

என்றும் உன் பாசமுள்ள தம்பி,
லைல் குபிசெக்

பின்குறிப்பு: மேலே ஓர் இடத்தில் பொய் எழுதிவிட்டேன். என் சைகைகளைச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே மாற்றிவிட்டேன். பையன்களிடம், "பழசை மறந்துடாதீங்க, எதிர்ப்பக்கம் அதைக் காட்டினா தேவைப்படும்" என்றும் சொல்லிவிட்டேன். கடிதத்தை மூடாமலே தபால் அலுவலகத்துக்கு எடுத்து வந்தேன், இதை அங்கே நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். கண்ணாடிக்கு வெளியே மார்னியும் டெசாவும் காரில் உட்கார்ந்து எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கவுண்டரில் இருக்கிற அம்மாள் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "சாதாரணத் தபால்னா திங்கக்கிழமைதான் போய்ச் சேரும். விரைவுத் தபால்ல போட்டா நாளைக்கே கிடைச்சிடும், எப்படி அனுப்பட்டும்?" என்று கேட்டாள். அவசரமில்லை என்றேன். என்னை மன்னித்துவிடு, அண்ணா.