மீனுக்குக் குளிர், அக்காவுக்குச் சூடு

ஆரிஸ், ஜூலை மாதம்

மதிப்பிற்குரிய சம்பந்தி துலெகென் அவர்களுக்கு, உங்கள் மருமகள் ரௌஷானின் தம்பி எர்சின் பணிவுடன் எழுதுவது.

கால்நடைகள் சுகமா, வீட்டார் சுகமா என்று முதலில் விசாரிப்பது நம் வழக்கம். சிம்கென்டில் மூன்று கல்யாண மண்டபம் வைத்திருக்கும் உங்களுக்கு ஓர் ஆடுகூடக் கிடையாது. ஆகவே, மீன்கள் சுகமா? வீட்டார் சுகமில்லை என்பது எனக்கே தெரியும். போன வாரம் நேரில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

கடலைப் பார்க்க நம் ஊரிலிருந்து ரயிலில் இரண்டு நாள் போக வேண்டும். நீங்கள் அதைக் கண்ணாடித் தொட்டியில் கூடத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள். பெருமைதான். உப்புத் தண்ணீர், பவளம், பத்துப் பன்னிரண்டு ஆரஞ்சு மீன்கள். வெளியே நாற்பது டிகிரி வெயிலில் நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடக்க, உங்கள் மீன்கள் மட்டும் வசந்த காலத்தில் நீந்துகின்றன. அதற்காகத் தொட்டிக்குக் கீழே ஒரு குளிரூட்டும் இயந்திரம் பகலிரவாக உறுமுகிறது. தண்ணீரிலிருந்து பிடுங்கிய சூடு எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? பொருத்த வந்தவர் வெளிச்சுவரில் ஓட்டை போடலாம் என்றாராம். நீங்கள் குதித்தீர்களாமே: "முகப்புக் கல்லுலயா? போன மாசந்தானய்யா ஒட்டுனேன்! தெருவுல போறவன் என்ன நெனைப்பான்?" அதனால் ஒட்டகக் கழுத்துத் தடிமனில் ஒரு தகரக் குழாய் பொய்க்கூரைக்கு மேலே ஊர்ந்து போய், சமையலறையில், அடுப்புக்கு நேர் மேலே வாயைத் திறந்தது. தெருவில் போகிறவனுக்கு மரியாதை, அடுப்படியில் நிற்கிறவளுக்கு அனல்.

என் அக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. விருந்தாளிகளுக்குக் கிண்ணத்தில் பாதிதான் தேநீர் ஊற்ற வேண்டும், நிறைய ஊற்றினால் சீக்கிரம் கிளம்பு என்று அர்த்தம். எனவே ஓர் ஆளுக்குப் பத்துத் தடவை ஊற்றுகிறாள், உங்கள் விருந்தாளிகளோ மீனைப் பார்க்க வந்தவர்கள், எழுந்திருப்பதே இல்லை. நான் வந்த அன்று கிண்ணத்தோடு சுவரில் சரிந்தாள். பிடித்து உட்காரவைத்தேன். "ஒண்ணுமில்லடா, தலை சுத்திச்சு"ன்னு சிரிக்கிறா. இன்னொரு தடவை அடுப்பு மேலேயே விழுந்தா வயித்துல இருக்கிற பிள்ளை கதி என்ன? நீங்க கூடத்துல, மூத்தவங்க உட்கார்ற தலைமை இடத்து மெத்தையில சாஞ்சுக்கிட்டு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? "சூடா இருந்தா ஜன்னலத் திறந்துக்க மருமகளே." அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு முழத்துல ரொட்டி அடுப்பு எரியுதய்யா!

உங்கள் மகன் தௌலெத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அத்தான், உங்க பொண்டாட்டிதானே? அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" அவர் தரையைப் பார்த்தார். "அப்பாகிட்ட யாருப்பா பேசுறது? நீ வேணும்னா எழுதிப் பாரு."

எழுதிவிட்டேன். முகப்புக் கல்லில் ஓர் ஓட்டை போடுங்கள். இல்லையேல் வெள்ளிக்கிழமை நானே வந்து அக்காவைக் கூட்டிப் போவேன். அதன்பிறகு மீன்களே தேநீர் ஊற்றட்டும்.

உங்கள் விரிப்பில் ரொட்டி குறையாதிருக்கட்டும். உங்கள் கூரை குளிர்ந்திருக்கட்டும், எல்லா அறைகளிலும்.

இப்படிக்கு,
எர்சின்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் வாசலில் அக்கா. பின்னால் இரண்டு பெட்டியோடு அத்தான். எனவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், ஓட்டையெல்லாம் வேண்டாம். குழாயின் வாயை முந்தாநாளே அக்கா பொய்க்கூரைக்குள் கூடத்துப் பக்கம் திருப்பிவிட்டாளாம். ஏணியைப் பிடித்தது உங்கள் மகன். நேற்றைய விருந்தில் பெரியவர்கள் எல்லோரும் "நீங்க போங்க", "இல்லல்ல, நீங்கதான் மூத்தவர்" என்று தலைமை இடத்துக்கு ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டார்களே, அதைப் பணிவு என்று நினைத்துப் பூரித்தீர்களாமே, அது பணிவு இல்லை. இன்று காலை முதல் உங்களுக்கு இருப்பது ரத்த அழுத்தமும் இல்லை; டாக்டரைத் திருப்பி அனுப்பிவிடலாம். அக்கா உங்களுக்கு ஒன்று சொல்லச் சொன்னாள்:

"சூடா இருந்தா ஜன்னலத் திறந்துக்குங்க, மாமா."