நாலு பேரில் ஒருவன்

ஹேண்ட்ஸ்வொர்த், பர்மிங்ஹாம்
ஞாயிறு, சபை முடிந்து வந்த பின்

என் அன்புத் தம்பி லாசெல்ஸுக்கு,

அண்ணன் அல்ஃபான்சோ சொந்தக் கையால், சொந்தப் பேனாவால் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நான் நலமாக இருக்கிறேன். எவ்வளவு நலம் என்பதைக் கீழே சொல்கிறேன். நம் தீவில், கிறிஸ்டியானாவில் நீயும் ஐசில்டாவும் பிள்ளைகளும், உன் கிழங்குத் தோட்டமும் ஆடுகளும் செழித்திருக்க வேண்டும். மேலே இருக்கும் வரிகளை இன்னொரு முறை பார், தம்பி. யாரும் என் கையைப் பிடித்து எழுதவில்லை. எழுபத்தாறு வயதில் இது என் வாழ்க்கையின் முதல் கடிதம்.

உன் அண்ணி மெர்லின் இருந்தவரை வீட்டுக்கு வந்த காகிதத்தையெல்லாம் அவளே படித்தாள். அவள் கர்த்தரிடம் போன பிறகு காகிதங்கள் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தன. பொறுக்க முடியாமல் நூலகத்தில் நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாகப் படிக்கிறேன். மிளகாய்ச் சாஸ் பாட்டிலைப் படிக்கிறேன், சோப்பு டப்பாவைப் படிக்கிறேன். பஸ்ஸில் "ஓட்டுநருடன் பேசாதீர்கள்" என்று எழுதியிருந்ததை ஓட்டுநருக்கே படித்துக் காட்டினேன். அவர் பாராட்டவில்லை.

எங்கள் டோமினோ கிளப்பைப் பற்றி உனக்குப் போனில் சொல்லியிருக்கிறேன். தீவை விட்டு நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரே அறையில் ஆறு பேர், நடுவில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. வார்ப்படத் தொழிற்சாலையிலிருந்து கரி அப்பிய முகத்தோடு வந்து, கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டியை இழுத்து அதன்மேல் புள்ளி போட்ட டோமினோ கட்டைகளை அடிப்போம். ஒருவன் ஓங்கி அடித்தால் கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையைக் குத்துவாள். அந்தச் சத்தத்துக்கு ஏற்ப அடுத்தவன் இன்னும் ஓங்கி அடிப்பான். ஊரை நினைத்து அழ நேரமில்லாமல் செய்தவை அந்தக் கட்டைகள்தான். அந்த அறையில் இருந்தவர்களில் நானும் பின்னொக்கும்தான் மிச்சம். ஆட்டத்தில் அவன் என் கூட்டாளி. எதிர் ஜோடி பிராடரிக்கும், சின்னத் தீவான பார்பேடாஸ்காரன் கிட்டன்ஸும். இப்படி நாலு பேராக முப்பது வருஷமாக ஒரே மேசை.

ஒரு வியாழக்கிழமை யோலாண்ட் என்று ஒரு நர்ஸ் கிளப்புக்கு வந்தாள். நம் தீவுப் பெண்தான், பெற்றோர் மாண்டெகோ பேக்காரர்கள். கையில் ஒரு தாள். "அங்கிள்களே, இதை யாராச்சும் கொஞ்சம் சத்தமா படிச்சுக் காட்டுறீங்களா?" என்றாள். மூன்று பேரும் என்னைக் கைகாட்டினார்கள். நான் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"கறுப்பு... ஆண்களில்... நாலு பேரில்... ஒருவருக்கு..." என்று தொடங்கினேன். வேகமாகப் படிக்கத் தெரிந்தவன் படித்திருந்தால் தகரக் கூரைமேல் மழை போல ஓடிப்போயிருக்கும். நான் ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து இழுத்துப் படித்ததால் யாராலும் தப்ப முடியவில்லை. "புரோஸ்டேட்" என்ற, மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பியின் பெயரில் ஏறி இறங்குவதற்குள் கிட்டன்ஸின் டீ ஆறிவிட்டது. "புற்றுநோய்" என்று முடித்துத் தாளைக் கீழே வைத்தேன். நான் மேசையைப் பார்த்தேன். மேசையில் நாலு பேர்.

பிராடரிக்தான் முதலில் வாயைத் திறந்தான். "யோவ் கிட்டன்ஸ், அந்த ஒருத்தன் நீதான்யா. சின்னத் தீவுக்காரனுக்கு எல்லாமே சீக்கிரம் வரும்."

"நானா? ராத்திரி நாலு தடவ எந்திரிச்சுப் போறவன் நீ. உன் பொண்டாட்டி என் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டா."

"எந்திரிக்கிறது தண்ணி குடிக்கடா!"

"குடிக்கிறியா, எறக்குறியா?"

பின்னொக் கையை உயர்த்தினான். "எனக்கு அந்தப் பின்னாடி விரல் விட்டுப் பாக்குற சமாச்சாரமே வேணாம். சொல்லிட்டேன்."

"அங்கிள், முதல்ல வெறும் ரத்தப் பரிசோதனைதான். கையில ஒரு ஊசி, அவ்ளோதான். நம்ம ஆளுங்க நாப்பத்தஞ்சு தாண்டினாலே டாக்டர்கிட்ட பேசணும்" என்றாள் யோலாண்ட்.

"எல்லாம் கையிலதாம்மா ஆரம்பிக்குது" என்றான் பிராடரிக்.

அவள் சிரித்துக்கொண்டே தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். பிறகு பிராடரிக் ஒரு யோசனை சொன்னான்: ஓர் ஆட்டம் ஆடுவோம், தோற்கிற ஜோடி போய் ரத்தம் கொடுக்கட்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

லாசெல்ஸ், அன்று நடந்த ஆட்டத்தை நான் எப்படி எழுதுவேன்! பிராடரிக் இரண்டு கட்டை விழுந்தாலே மற்ற மூவர் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவான். அவன் தன் முறை வந்ததும் மேசையைத் தட்டி "சேர்ற கட்ட என்கிட்ட இல்ல" என்றான். எல்லோரும் முதலில் தள்ளிவிடப் பார்க்கும் இரட்டை ஆறைக் கிட்டன்ஸ் கடைசிவரை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான். என் கூட்டாளி பின்னொக், நான் திறந்துவிட்ட பக்கத்தையே போய் அடைத்தான். நானோ ஜெயிக்கிற கட்டையை வைத்துக்கொண்டு தோற்கிற கட்டையைத் தேடினேன். ஒருவரும் ஓங்கி அடிக்கவில்லை; முட்டையை வைப்பதுபோல் கட்டையை வைத்தோம். மற்ற மேசைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துச் சமையலறையிலிருந்து அயோனி அம்மாள் ஆட்டுக்கறி கிளறுகிற கரண்டியோடு ஓடி வந்தாள். வந்தவள் பிராடரிக்கின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இந்தாளு கையில சேர்ற கட்ட மூணு இருக்கு! வச்சுக்கிட்டே இல்லன்னு தட்டுறான்!" என்று கத்தினாள். பிறகு கரண்டியாலேயே எங்கள் எல்லோருடைய கட்டைகளையும் திருப்பிப் போட்டாள். "அட மானங்கெட்ட கிழவனுங்களா! நாலு பேருமே தோக்கத்தானே ஆடுறீங்க! டாக்டர்கிட்ட போகணும்னு ஆசையா இருந்தா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

பிராடரிக் மேசையைப் பார்த்துக்கொண்டே, "நாலு தடவ இல்ல. அஞ்சு தடவ" என்றான்.

மறுநாள் காலை கிட்டன்ஸின் பழைய காரில் நாலு பேரும் டாக்டரிடம் போனோம். நல்ல இடத்துக்குப் போட்டுக்கொண்டு போக எங்களிடம் இருப்பது சாவுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டுதான். நாலு பேரும் கோட்டும் டையும் தொப்பியுமாக வரிசையாக நுழைந்ததும், அங்கே மேசையில் இருந்த பெண் எழுந்து நின்று, "ரொம்ப வருத்தம். யாரு தவறிட்டாங்க?" என்றாள். "இன்னும் யாருமில்லம்மா, அதுக்குத்தான் வந்திருக்கோம்" என்றான் பின்னொக்.

தம்பி, அந்த ஒருவன் நான்தான்.

இதற்கு மேல் படிக்கும்முன் உட்கார். உட்கார்ந்துவிட்டாயா? ஐந்து தடவை எழுந்திருக்கிற பிராடரிக்குக்கு வயசான கோளாறுதான், வேறொன்றுமில்லை, மாத்திரை சாப்பிடுகிறான். ஒரு வலியும் இல்லாமல் ராத்திரி முழுக்கக் கட்டைபோலத் தூங்குகிற எனக்கு அது இருந்தது. சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டார்கள். சில வாரங்கள் கதிர் சிகிச்சை. ஒவ்வொரு முறையும் மூன்று பேரும் கூடவே வந்தார்கள். காத்திருக்கும் அறையில் டோமினோ அடித்து, வாசலுக்கு அனுப்பப்பட்டு, வாசலிலும் அடித்தார்கள். போன வாரம் டாக்டர் என் ரத்தக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கை குலுக்கினார். அதனால்தான் மேலே நலம் என்று எழுதினேன், பொய் எழுதவில்லை.

ஆனால் அந்த டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "உங்க அப்பாவுக்கு இருந்துச்சா?" நான், "அவர் குளிர் தாக்கி இறந்துபோனார்" என்றேன். நம் வீட்டில் அப்படித்தானே சொன்னார்கள். சொன்ன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா விடிகாலையில் கொட்டகைக்குப் பின்னால் போய், நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு வெகு நேரம் நிற்பாரே! ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்து நாம் இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நிற்போமே! அவர் திரும்பிப் பார்த்து, நம் தலையைத் தடவிவிட்டுப் போவார். அவர் ஜெபம் பண்ணவில்லை, லாசெல்ஸ்; மூத்திரம் இறங்காமல் நின்றார். ஆனால் நம்மைத் திட்டவுமில்லை. அந்தக் கை இப்போதும் என் தலையில் இருக்கிறது.

"அப்பாவுக்கு இருந்திருக்கலாம், உங்களுக்கும் இருக்கு. அப்போ உங்க தம்பி கட்டாயம் பார்த்தாகணும்" என்றார் டாக்டர். அன்றுமுதல் ஒவ்வொரு ஞாயிறும் போனை எடுக்கிறேன். நீ மழை பெய்ததா என்கிறாய், நான் பெய்தது என்கிறேன். நீ ஆட்டுக்கு வயிறு கட்டிவிட்டது என்கிறாய், நான் என்ன கொடுத்தாய் என்கிறேன். ஆட்டின் வயிற்றைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிற நம்மால் இதைப் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்துக்கு வெட்கம் கிடையாது. நீ போய் ரத்தம் கொடு. எனக்கு மிச்சமிருப்பவன் நீ ஒருவன்தான்.

ஐசில்டாவுக்கும் பிள்ளைகளுக்கும் பேரக்குழந்தைகளுக்கும் என் முத்தங்கள். கர்த்தர் உன் வாசற்படியையும் உன் தோட்டத்தையும் உன் இடுப்புக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் காப்பாராக.

உன் அண்ணன்,
அல்ஃபான்சோ டேக்ரஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஐசில்டா போன் செய்தாள். பெருமை தாங்காமல் கடிதத்தை முதல் வரியிலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் அழ ஆரம்பித்தாள், பிறகு சிரித்தாள். "பெரியத்தான், மூணு வருஷத்துக்கு முன்னாடி உங்க தம்பி மாமரத்துல இருந்து விழுந்து இடுப்பு ஒடைஞ்சு கிங்ஸ்டன் ஆஸ்பத்திரியில கெடந்தாருல்ல? மாமரமும் இல்ல, இடுப்பும் இல்ல. இதேதான். ஆபரேஷன் பண்ணி இப்ப நல்லா இருக்காரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

அடப்பாவி! உன் இடுப்புக்காக நான் சபையில் எழுந்து நின்று ஜெபம் கேட்டேன். கர்த்தர் எவ்வளவு குழம்பியிருப்பார்! உன்னைத் திட்டி எழுத வேண்டும் என்று பேனாவைத் திறந்தேன். நான் எழுதுகிற வேகத்தில் முதல் வார்த்தை முடிவதற்குள் கோபம் போய்விட்டது. நீ உயிரோடு இருக்கிறாய். நானும் இருக்கிறேன்.

ஆகையால் இந்தக் கடிதம் உனக்குத் தேவையில்லை. ஆனாலும் கிழித்துவிடாதே. உன் மூத்தவன் லின்ஃபோர்டிடமும் மாமரக் கதைதான் சொல்லி வைத்திருக்கிறாயாம். அவனுக்கு நாற்பத்தாறு வயதாகிறது. மேலே "தம்பி லாசெல்ஸுக்கு" என்று இருப்பதை அடித்துவிட்டு, "மகன் லின்ஃபோர்டுக்கு" என்று உன் கையால் எழுதி, இன்றைக்கே அவனிடம் கொடு.