கிர்ரு ஒட்டிய மோட்டார்

விருத்தாசலத்தில் எந்தப் பொருளும் சும்மா இருக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு திரிந்த ஒரே ஆள், என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் பார்த்த 'கிர்ரு'தான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

போனை சைலன்ட்டில் போட்டால் 'கிர்ர்'ரென்று அதிருமே, அந்த மோட்டார் பட்டாணி அளவுதான். செத்த போன்களிலிருந்து அதைப் பிடுங்கி, கண்ணில் பட்டதிலெல்லாம் ஒட்டுவார். கரண்டி இல்லாமல் சர்க்கரை கரைய வேண்டுமென்று டீ கிளாஸின் அடியில் ஒன்றை ஒட்டினார். கிளாஸ் மேசையில் நடந்து வந்து என் வெள்ளை வேட்டியில் கவிழ்ந்தது.

"பாத்தீங்களா, எம்மாம் ஸ்பீடா வருது!" என்றார். மன்னிப்பாவது மண்ணாவது!

இந்த மனுஷனைப் போய் என் மனைவி கூப்பிட்டாள். அவள் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறாள். அச்சில் ஊற்றும் களிமண் குழம்பில் காற்றுக் குமிழ் தங்கிவிட்டால், சூளையிலிருந்து வரும் பொம்மைக்கு முகமெல்லாம் ஊசி ஓட்டை. இரண்டு முறை சரக்கு திரும்பி வந்துவிட்டது. இன்னொரு முறை வந்தால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

கிர்ரு பன்னிரண்டு மோட்டாரை அச்சைச் சுற்றி ஒட்டி சுவிட்சைப் போட்டார். அச்சு பலகையின் ஓரம் வரை ஊர்வலம் போய், குழம்போடு என் காலில் விழுந்தது.

"யோவ், நாங்களே நொந்து போயி இருக்கோம். வெளாடறதுக்கு வேற வூடு கெடைக்கலியா?" என்று கத்தினேன்.

வெளியே போனவர், என் பைக் சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். அடப்பாவி!

"இது மேல வெச்சா நடக்காதுங்க. நின்ன எடத்துலயே ஆடும். பன்னெண்டு வேணாம், நாலு போதும்."

மறுபடி ஊற்றினோம். கொப்புளம் கொப்புளமாகக் காற்று மேலே வந்து உடைந்தது.

சூளை ஆறும்வரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. முதல் பொம்மையை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகத்தைக் கட்டைவிரலால் தடவினாள். ஓர் ஓட்டை இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"அண்ணே, உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்றாள்.

அவரோ, நாங்கள் கழித்துப்போட்ட பொம்மைக் குவியலைக் கிளறி, முகமெல்லாம் ஓட்டை விழுந்த போலீஸ்காரர் பொம்மையை எடுத்துக்கொண்டார். விடுவாரா? அதன் அடியிலும் ஒரு மோட்டார்.

போன மாதம் வேப்பூரில் சொந்தக் கடை போட்டுவிட்டார். கிளம்பும்போது அந்தப் போலீஸ்காரரை என் மேசையில் வைத்து, "தனியா இருப்பீங்க, தொணைக்கு இருக்கட்டும். போயிட்டு வரேங்க" என்றார்.

"அப்பாடா, தொலைஞ்சீரு!" என்று சிரித்துத்தான் அனுப்பினேன்.

இப்போது காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலை, போலீஸ்காரருக்கு பேட்டரி இருக்கிறதா என்று பார்ப்பதுதான். அவர் ஆடாமல் நின்றால் எனக்கு ஜெராக்ஸ் போடக் கை ஓடுவதில்லை.