கொடித்துணி மறைவில் ஓர் ஒட்டுறவுக் கணக்கு

முதலில் ஒரு விடுகதை. எங்கள் அரெகுவா ஊரில் கொசு குறைவாக இருக்கும் மாதங்களில் மாம்பழமும் குறைவு. கொசு பெருகும் மாதங்களில் மாம்பழமும் பெருகித் தெருவெல்லாம் விழுந்து கிடக்கிறது. அப்படியானால் மாமரத்தைக் காய்க்க வைப்பது கொசுவா? கொசுவைப் பெருக வைப்பது மாம்பழமா?

அவசரமில்லை. யோசியுங்கள்.

இரண்டும் இல்லை. எங்கள் நாட்டில் டிசம்பர்தான் கோடை; அந்த வெயிலும் மழையும்தான் இரண்டையும் கூட்டிக்கொண்டு வருகின்றன. கொசுவும் மாம்பழமும் ஒன்றையொன்று சுகம் விசாரித்துக்கொண்டதுகூட இல்லை. நான் பள்ளியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவன். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் இந்த விடுகதையைத்தான் போடுவேன். இரண்டு விஷயங்கள் சேர்ந்து ஏறினால், ஒன்றுதான் மற்றொன்றை ஏற்றுகிறது என்று முடிவு கட்டாதீர்கள், மூன்றாவதாக எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள் என்பேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். தேர்வில் கொசு என்றே எழுதுவார்கள்.

இவ்வளவும் தெரிந்தவன் எப்படி ஏமாந்தான் என்பதுதான் கதை.

கோடை விடுமுறை தொடங்கியது. பள்ளி நாட்களில் காலை பத்து மணிக்கு என் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. விடுமுறையில் தெரிந்தது. பக்கத்து வீட்டு லிசார்தோ வருகிறார். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். மனைவியை இழந்தவர். மீசை உள்ளவர். கடைசி இரண்டும் வெவ்வேறு ஆட்களிடம் இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எங்கள் மாமரத்தடியில் உட்கார்ந்து தெரெரே குடிப்பார். மாட்டுக்கொம்புக் குவளை ஒன்று, உறிஞ்சுகுழல் ஒன்று, இலைத்தூளின்மேல் ஐஸ் தண்ணீர். என் மனைவி எர்மினியா ஊற்றிக் கொடுப்பாள். அவர் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தருவார். அவள் மறுபடி ஊற்றித் தான் குடிப்பாள். அதே குவளை, அதே குழல். ஊர் வழக்கம்தான். நானும் ஊரெல்லாம் அப்படித்தான் குடிக்கிறேன். ஆனால் எனக்கு மீசை கிடையாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. குவளையைத் திருப்பும்போது நன்றி என்று சொல்லக் கூடாது. சொன்னால் எனக்குப் போதும், இனி ஊற்றவேண்டாம் என்று அர்த்தம். லிசார்தோ நன்றி கெட்டவர் அல்ல. ஆனால் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து லேசில் வராது.

எர்மினியாவிடம் நயமாகக் கேட்டுப் பார்த்தேன்.

"லிசார்தோ நன்றி சொல்ல ரொம்ப நேரமாகுது, கவனிச்சியா?"

"தாகம் தீர்ந்தா சொல்றார்."

"ஜக்குத் தண்ணி தீர்ந்துடுது. அவர் தாகம் தீரலையே."

"வெயில் அப்படி."

"எனக்கு மட்டும் ரெண்டு சுத்துல தீருதே."

"உங்களுக்கு ரெண்டு சுத்துக்கு மேல நான் ஊத்தறதில்லைங்க."

இதில் இன்னொரு விஷயம் சேர்ந்துகொண்டது. எங்கள் ஒரே மகள் பனம்பிக்கு பிப்ரவரியில், கந்தேலாரியா மாதா திருநாளன்று, புது நன்மை, அதாவது கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. ஞானத்தகப்பனாக யாரை நிறுத்துவது என்று முடிவுசெய்ய வேண்டும். எங்கள் பக்கம் இது ஒருநாள் பதவி அல்ல, ஆயுள் பதவி. ஞாயிறுதோறும் நம் சாப்பாட்டு மேசையில் அவருக்கு ஒரு நாற்காலி. குழந்தை கைகூப்பி ஆசீர்வாதம் கேட்கும். எங்கள் தலைமையாசிரியர் தோன் அனக்லேத்தோ என்று நான் எப்போதோ முடிவுசெய்துவிட்டேன். எர்மினியா மெதுவாக, லிசார்தோ நல்ல மனிதர்தானே என்றாள்.

ஆயுள் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள். எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் அந்த மீசை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆனாலும் நான் படித்தவன். பொறாமைப்படமாட்டேன் என்று தீர்மானம் செய்துகொண்டேன். பொறாமை என்பது அளக்கத் தெரியாதவர்களுக்கு வரும் நோய். நான் அளப்பேன்.

அளக்க இரண்டு விஷயங்களை எடுத்துக்கொண்டேன். முதலாவது, நன்றி சொல்லும் முன் லிசார்தோ குடிக்கும் சுற்றுகள். இரண்டாவது, அந்த நேரத்தில் எர்மினியா சிரிக்கும் சிரிப்புகள். கொடியில் காயும் படுக்கை விரிப்புக்குப் பின்னால் நின்றுகொண்டால் எதிராளிக்குத் தெரியாமல் பார்க்கலாம். ஒரே ஆள் இரண்டையும் எண்ணினால் பிழை வரும் என்பதால் சிரிப்புகளை எண்ண பனம்பியை நியமித்தேன். ஒன்பது வயதுக்கு நல்ல உன்னிப்பு. வேலையில் சேர்ந்த அன்றே சந்தேகங்கள் கேட்டாள்.

"பல்லு தெரியாம சிரிச்சா எண்ணணுமா அப்பா?"

"அது புன்னகை. வேண்டாம்."

"சிரிச்சு முடிச்சு, மூச்சு வாங்கிட்டு, திரும்பச் சிரிச்சா?"

"ரெண்டு."

"அம்மா லிசார்தோ மாமாவைப் பாத்துச் சிரிக்கல. இந்தப் பக்கம் பாத்துதான் சிரிக்கறாங்க."

"திசை நமக்குத் தேவையில்லைம்மா. எண்ணிக்கை மட்டும் போதும்."

இரண்டு வாரம் போனது. பழைய தேர்வுத்தாள்களின் முதுகில் கணக்குப் போட்டேன். லிசார்தோ இருக்கும் காலைகளில் சிரிப்பின் சராசரி பதினொன்று. சில நாள் நாலு, சில நாள் இருபது என்று நல்ல சிதறல். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவளும் நானும் மட்டும் தெரெரே குடித்த மாலைகளையும் எடுத்தேன். சராசரி பூஜ்யம். திட்ட விலக்கமும் பூஜ்யம். இவ்வளவு சீரான தரவை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

பிறகு வரைபடம். சுற்றுகள் கிடையாக, சிரிப்புகள் செங்குத்தாக. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. புள்ளிகள் சர்க்கரை டப்பாவைக் கண்ட எறும்புகள் மாதிரி வரிசையாக மேலே ஏறின. ஒட்டுறவுக் கெழுவைக் கண்டுபிடித்தேன். இரண்டும் கைகோத்து ஏறினால் அது ஒன்றை நெருங்கும். ஒன்று ஏற மற்றது இறங்கினால் கழித்தல் ஒன்றை நெருங்கும். சம்பந்தமே இல்லாவிட்டால் பூஜ்யத்தின் பக்கத்தில் நிற்கும். எனக்கு வந்தது 0.93. மாணவன் யாராவது இப்படி ஒரு கெழுவைக் கொண்டுவந்தால் தோளில் தட்டிக்கொடுப்பேன். என் தோளில் தட்ட யாருமில்லை. வயிற்றெரிச்சலோடு போய்ப் படுத்தேன்.

மறுநாள் ஒரு திருப்பம். முற்றத்தில் அழுகிய மாம்பழம் நாறுகிறது, யாராவது பெருக்கினால் புண்ணியம் என்று எர்மினியா பொதுவாகக் காற்றிடம் சொன்னாள். கோபத்தை எங்காவது காட்ட வேண்டுமே என்று விளக்குமாற்றை எடுத்து நானே பெருக்கினேன். லிசார்தோ வந்தார். முதல் குவளையைக் குடித்தார். நன்றி என்றார். எழுந்து போனார்.

அடுத்த நாள் நான் எதையும் தொடவில்லை. ஜக்கு காலியாகும்வரை உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த நாள் பாத்திரம் கழுவினேன். முதல் குவளையிலேயே நன்றி.

எனக்குப் புல்லரித்தது. நியூட்டனுக்கு ஆப்பிள் விழுந்தது போல எனக்கு மாம்பழம் விழுந்திருக்கிறது. நான் வேலை செய்யச் செய்ய லிசார்தோவின் தாகம் குறைகிறது. துணி துவைத்தேன். கூரை வாய்க்காலில் அடைத்த இலையை அள்ளினேன். சோளரொட்டி சுட்டேன். நான் செய்யும் வேலைக்கும் அவர் குடிக்கும் சுற்றுக்கும் கெழு போட்டேன். கழித்தல் 0.97. காரணமும் எனக்கு விளங்கிவிட்டது. வீட்டைத் தாங்கும் கணவனைக் கண்டதும் அந்நிய ஆணின் மனசாட்சி உறுத்துகிறது. வேறென்ன?

இந்த இடத்தில் கொசு விடுகதை உமக்கு ஞாபகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். கொசு ஞாபகம் நன்றாகவே இருந்தது. அப்போது நான் கொசுவலைதான் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி நடுவில் லிசார்தோ வருவதையே நிறுத்திவிட்டார். சமையல், பெருக்கல், துவையல் எல்லாம் என் கையில். எர்மினியா மரத்தடியில் காலை நீட்டிக்கொண்டு விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். நான் ஜெயித்துவிட்டேன்.

ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை வரும். ஞானத்தகப்பன் விஷயத்தில் நாம் ஏன் சண்டைபோட வேண்டும், குழந்தையையே கேட்போமே என்று எர்மினியா சொன்னபோது நான் மனத்துக்குள் கணக்குப் பார்த்தேன். லிசார்தோவைக் குழந்தை பார்த்தே பல நாளாகிறது. தோன் அனக்லேத்தோவோ போன வாரம்தான் வண்ணப் பென்சில் பெட்டி கொடுத்திருக்கிறார். சரி என்றேன்.

"அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"நான் கணக்கு வாத்தியார். விடை வந்தப்புறம் மாத்தமாட்டேன்."

"பாதிரியார்கிட்ட வந்து சொல்வீங்களா?"

அன்று மாலையே போய்ச் சொன்னேன். பாதிரியார் என்னை மற்ற அப்பாக்களுக்கு முன்மாதிரி என்று பாராட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் மரத்தடிக்கு அழைத்திருந்தோம். தோன் அனக்லேத்தோ அந்த வெயிலிலும் கழுத்துப்பட்டை கட்டி வந்தார். லிசார்தோ மீசையை வாரிக்கொண்டு வந்தார். நான் தோளில் கரித்துணியோடு நின்றேன். எர்மினியா ஊற்றிக் கொடுத்தாள். லிசார்தோ ஒரு குவளை குடித்தார். நன்றி என்றார்.

எனக்குப் பாவமாக இருந்தது. இன்னொரு சுற்று குடியுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எர்மினியாவைப் பார்த்தார்.

"குடிக்கலாமா தோன்யா எர்மினியா? இல்ல, அந்த ஏற்பாடு இன்னும் இருக்கா?"

என்ன ஏற்பாடு என்று கேட்டேன். லிசார்தோவிடம் எனக்குப் பிடிக்காத குணங்களில் ஒன்று, அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"நீங்க விளக்குமாறோ பாத்திரமோ எடுக்கற அன்னிக்கு மொதல் குவளையோட நன்றி சொல்லிடணும்னாங்க, வாத்தியாரய்யா. அப்புறம், இனிமே வரவே வேணாம், வீட்ல வேலையெல்லாம் நல்லா நடக்குதுன்னு சொல்லிட்டாங்க. எனக்குத்தான் தாகமாவே போச்சு."

நான் மனைவி பக்கம் திரும்பினேன்.

"அப்போ அந்தச் சிரிப்பு? அதுவும் ஏற்பாடா?"

"அது ஏற்பாடில்லைங்க," என்றாள் எர்மினியா. "பெட்ஷீட்டுக்குக் கீழ உங்க ரெண்டு காலும் தெரியும். ஒரு கால்ல கொசு கடிச்சா இன்னொரு காலால சொறிவீங்க. அவர் எவ்வளவு நேரம் குடிக்கறாரோ அவ்வளவு நேரம் நீங்களும் நிப்பீங்க. எவ்வளவு நேரம்தான் நாங்களும் அடக்கறது?"

தோன் அனக்லேத்தோ இருமினார். இருமல் மாதிரி இல்லை.

கெழு சரியாகத்தான் இருந்திருக்கிறது. காரணம்தான் நான். ஒரு நிமிடம் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இந்தக் கோடை முழுக்க என் மனைவியைச் சிரிக்க வைத்தவன் நானே அல்லவா? அடுத்த நிமிடம் அந்த மீசையைப் பார்த்தேன். அவளோடு சேர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தவர் அவர். அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. சந்தோஷம் இறங்கிப் பழைய எரிச்சல் ஏறியது.

தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஞானத்தகப்பன் விஷயத்தை இன்றைக்கே முடிவுசெய்ய வேண்டியதில்லை, இன்னும் கொஞ்சம் தரவு சேர்க்கலாம் என்று ஆரம்பித்தேன்.

"பாதிரியார்கிட்ட சொன்னது?" என்றாள் எர்மினியா.

நான் உட்கார்ந்தேன்.

"குழந்தை யாரைச் சொன்னாலும் ஞாயித்துக்கிழமை சமையல் உங்களோடதுதான். பழகிட்டீங்க, கை நல்லா வந்திருக்கு," என்று சொல்லிவிட்டுப் பனம்பியைக் கூப்பிட்டாள்.

பனம்பி கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். எர்மினியா கேள்வியை விளக்கினாள். தோன் அனக்லேத்தோ கழுத்துப்பட்டையை நேர்செய்தார். லிசார்தோ காலிக் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாருக்கும் தெரியாமல், வண்ணப் பென்சில் என்று வாயை மட்டும் அசைத்துக் காட்டினேன்.

பனம்பி லிசார்தோ என்றாள்.