இருநூற்றுப் பதினாறு ஆசிரியர்களும் ஒரு பேதியும்

ஒரு காட்டில் எல்லா விலங்குகளும் ஆராய்ச்சியாளர்களாகிவிட்டன. வேறு வேலைக்கு ஆளே மிச்சமில்லை. பழம் பறிப்பதைக்கூட 'களப்பணி' என்றுதான் பதிவேட்டில் எழுதினார்கள்.

அங்கே ஏகாம்பரம் என்றொரு தேவாங்கு இருந்தது. அதற்குக் கூட்டம் ஆகாது. ஏழு வருடம் தன்னந்தனியாகக் குளக்கரையில் கிடந்து அது கண்டுபிடித்தது ஒரே ஒரு விஷயம். பங்குனியில் காட்டாமணக்குக் காய்கள் கிழக்குத் துறையில் விழுந்து ஊறும். அப்போது அங்கே தண்ணீர் குடித்தால் பேதி பிடுங்கும், மேற்குத் துறைத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. இதை ஐந்து ஓலை நிறைய எழுதி வெளியிட்டது. ஒரு ஈ காக்கைகூடப் படிக்கவில்லை.

அது போகட்டும். மாசி மாதம் அதன் இருப்பிடத்துக்கே ஆபத்து வந்தது. ஏகாம்பரம் குடியிருந்த இலுப்பை மரப்பொந்து ஆராய்ச்சிக் கழகத்துக்குச் சொந்தம். குடியிருக்கும் அனுமதியைப் புதுப்பிக்க ஏகாம்பரம் கழகத்து எழுத்தரான ஆமையின் முன்னால் மூன்று நாள் வரிசையில் நின்றது.

"ஏழு வருஷத்துல ஒரே கட்டுரை. அதை மேற்கோள் காட்டுனவங்க சைபர்," என்றது ஆமை. "பங்குனி முடியறதுக்குள்ள அம்பது மேற்கோள் வரலேன்னா பொந்தைக் காலி பண்ணிடுங்க."

"தண்ணி விஷயம் சத்தியமான உண்மைங்க. ஏழு வருஷமும் நானே குடிச்சுப் பாத்துத்தான் எழுதுனேன்."

"படிவத்துல உண்மைக்குன்னு கட்டம் இல்லையே, ஏகாம்பரம்."

ஏகாம்பரத்துக்கு அழுகை முட்டியது. வரிசையில் பின்னால் நின்றிருந்த சபாபதி என்ற மந்தி அதன் தோளில் கை போட்டது. அதே ஏழு வருடத்தில் சபாபதி இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரை போட்டிருந்தது. அதில் பாதியின் தலைப்பு அதற்கே தெரியாது.

"அண்ணே, தனிமரம் தோப்பாகுமா? அந்தக் கட்டுரையையே திருப்பிப் போடுவோம். என் பேரைச் சேருங்க, என் கூட்டத்தையும் சேருங்க. ஆளுக்கொரு மேற்கோள் கெடைக்கும். புலியார் பேரை மொதல்ல போட்டுடுங்க."

"புலியார் இதுல என்ன செஞ்சாரு?"

"ஏழு வருஷமா உங்களைத் தின்னாம விட்டாரே, அது பங்களிப்பு இல்லையா?"

நியாயமாகத்தான் பட்டது. யானைகளைச் சேர்த்தார்கள், குளத்தைக் கலக்கியதற்காக. முதலைகளைச் சேர்த்தார்கள், அவற்றைச் சேர்க்காமல் குளத்தில் இறங்க முடியாது. எறும்புகள் மட்டும், போட்டால் புற்று முழுக்கப் போட வேண்டும் என்று அடம்பிடித்ததால் விடுபட்டன. கடைசியில் இருநூற்றுப் பதினாறு பேர் தேறினார்கள்.

கட்டுரை ஐந்து ஓலைக்கு மேல் போகக் கூடாது என்பது கழக விதி. பெயர்களே நாலே முக்கால் ஓலையை அடைத்துக்கொண்டன. ஏழு வருடத்தையும் மிச்சக் கால் ஓலைக்குள் திணிக்கும்போது ஏகாம்பரம் விசும்பி விசும்பி அழுதது. 'கிழக்குத் துறையில் குடிக்காதீர்' என்ற கடைசி வரியை மட்டும் பிடிவாதமாக விட்டுவைத்தது.

பங்குனி முதல் நாள் ஓலை வெளியானது. ஒவ்வொன்றும் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, வாலால் துடைத்து, சம்பந்தி வீட்டுக்குக் காட்டிவிட்டு வந்தது. கொண்டாட்டத்தில் தொண்டை வறண்டது. எல்லோரும் பக்கத்திலிருந்த கிழக்குத் துறையில் இறங்கிக் குடித்தார்கள்.

மறுநாள் காட்டில் ஒரு புதரும் காலியில்லை. சபாபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது.

"ஏண்ணே, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்கதானே எழுதுனீங்க! பதினேழாவது பேரு."

"எழுதுனவன் எங்கண்ணே படிப்பான்?"

ஏகாம்பரத்துக்கு வெட்கமாக இருந்தது. மேற்குத் துறைத் தண்ணீரைச் சுரைக்குடுக்கையில் மொண்டு புதர் புதராகக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஆனால் ஆசிரியர்கள் புதருக்குள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 'யானைகளில் பேதி', 'மந்திகளில் பேதி: ஓர் ஒப்பீடு' என்று ஆளுக்கு ஒன்றிரண்டு கட்டுரை எழுதினார்கள். காரணம் சொல்ல வேண்டுமே, எல்லாவற்றிலும் ஏகாம்பரம் கட்டுரைதான் மேற்கோள். மாதம் முடிவதற்குள் முந்நூறு தாண்டியது.

ஆமை எழுந்து நின்று வணங்கி, இலுப்பைப் பொந்தோடு ஓர் ஆலமரப் பொந்தையும் சேர்த்துக் கொடுத்தது. பொய் சொல்வானேன், ஏகாம்பரத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அதன்பிறகு கூட்டம் அதற்குப் பழகிவிட்டது. நீட்டிய ஓலையிலெல்லாம் கையெழுத்துப் போட்டது. அடுத்த பங்குனியில் வழியில் எதிர்ப்பட்ட ஆமை, "பிரமாதமான கட்டுரை!" என்று ஒரு புது ஓலையைக் காட்டியது. தலைப்பு: 'கிழக்குத் துறைத் தண்ணீர் குற்றமற்றது'. புலியாருக்கு அடுத்த பெயர் ஏகாம்பரம்.

"ஐயோ, இதை நான் எழுதலையே!"

"அதனால என்ன? உங்க பழைய கட்டுரையை இதுல ஆறு எடத்துல மேற்கோள் காட்டியிருக்காங்க."

தேவாங்கின் கண்கள் ஏற்கெனவே பெரியவை. இன்னும் கொஞ்சம் விரிந்தன.

"ஆறு எடத்துலயா?" என்று கேட்டுக்கொண்டது.

காடே கிழக்குத் துறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனது. ஏகாம்பரம் யார் கண்ணிலும் படாமல் மேற்குத் துறைக்கு நடந்தது.

நீதி: கட்டுரையைக் கூடி எழுது, தண்ணீரைத் தனியாகப் போய்க் குடி.