ஐந்தடுக்குச் சரிவிகிதம்

ஐந்தாவது அடுக்கு மூடவில்லை. கம்பு அடைக்கும் அவித்த முட்டைக்கும் நடுவே கொய்யாப்பழம் மறியல் செய்தது. அப்துல் ஜப்பார் கேரியர்மேல் உட்கார்ந்தே பார்த்துவிட்டார்.

"அத்தா, இது டிபனு. லாரில ஏத்துற மூட்டை இல்ல," என்றாள் ஏழாவது படிக்கும் மகள் அப்சானா. கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது குரல்.

மனைவி ஷர்புன்னிசா, தங்கையின் பிரசவத்துக்கு உளுந்தூர்பேட்டை போயிருந்தாள். பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டாள்: "நான் திரும்பி வர்றப்ப பொண்ணு எளைச்சிருந்தா, நீங்க வூட்டுப் பக்கமே வராதீங்க."

நாளைக்கு வருகிறாள்.

கள்ளக்குறிச்சியில் செருப்புக்கடை நடத்துகிறவருக்குச் சத்தைப் பற்றி என்ன தெரியும்? முதல் நாள் எலுமிச்சை சாதம் கட்டினார். "புரதம் எங்க?" என்று கேட்டனுப்பினார் வகுப்பு டீச்சர். பருப்பும் முட்டையும் ஏறின. "கீரை?" முருங்கைக்கீரை ஏறியது. "பழம்?" கொய்யா ஏறியது. அதற்குமேல் டீச்சர் எதுவும் கேட்கவில்லை. ஜப்பார் ஊரையே ஜெயித்த மாதிரி நடந்தார்.

அன்றிலிருந்துதான் அப்சானா இளைக்கத் தொடங்கினாள்.

கேரியர் என்னவோ வழித்துத் துடைத்தாற்போலக் காலியாகத்தான் திரும்பியது. ஆனால் மகள் வந்ததும் பிஸ்கட் டப்பாமேல் படையெடுத்தாள். காற்றடித்தால் கோமுகி அணையில் போய்த்தான் இறங்குவாள் போலிருந்தது.

"மதியம் சாப்ட்டியாம்மா?"

"டீச்சர் ரொம்ப நல்லா இருக்குன்னாங்க அத்தா."

பக்கத்துக் கடை வெங்கடேசன் வைத்தியரானார். "இரும்புச்சத்து கம்மி பாய். ஈரல் போடுங்க."

ஈரல் ஏறியது. சாயங்காலம் மகள் வாசற்படியில் தலைசுற்றி உட்கார்ந்தாள்.

"அப்ப சுண்ணாம்புச்சத்துதான் பாய். மலைக் கேழ்வரகு குடுத்துப் பாருங்க."

ஜீப்பில் தொற்றிக்கொண்டு வெள்ளிமலைக்கே போய் வாங்கிவந்து புட்டு அவித்தார். யூனிஃபார்ம் இடுப்பில் இன்னொரு ஊக்கு ஏறியது.

"இன்னா பாய், பொண்ணு துன்றத கேரியரே ஜீரணம் பண்ணிக்கினு இருக்குதா?" என்று வெங்கடேசனும் கைவிட்டார்.

நாளைக்கு ஷர்புன்னிசா வந்துவிடுவாள்; இனி ஆகாது. ஷட்டரை இறக்கிவிட்டு, மதியம் பள்ளிக்கூடத்துக்கே ஓடினார் ஜப்பார்.

வகுப்பின் நடுவே ஒரு மேசை. அதன்மேல் சரிகைத் துணி. துணிமேல், ஐந்து அடுக்கும் பிரித்து வைத்த அவருடைய கேரியர். டீச்சர் குச்சியால் ஈரலைச் சுட்டி இரும்புச்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எச்சில் விழுங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜப்பாருக்கு நெஞ்சு விம்மி, சட்டைப் பொத்தான் தெறிக்கப் பார்த்தது.

மணி அடித்தது. மகள் தள்ளாடிக்கொண்டே வெளியே வந்தாள்.

"அடி என் ராசாத்தி, நம்ம சாப்பாட்டுலயா பாடம் நடத்துறாங்க? சரி, போய்த் துன்னும்மா."

அப்சானா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் காதருகே வந்தாள்.

"பாடம் முடிஞ்சதும் அத டீச்சருங்க சாப்ட்டுடுவாங்க அத்தா, நாளைக்கு வெறும் தயிர் சோறு கட்டிக் குடுங்க, நான் துன்றேன்."