மூக்கு மகானும் பச்சை பெஞ்சும்

மூக்கு மகான் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வருகிறார் என்றதும் தெருவே அடைத்துக்கொண்டது. மகானுக்குத் தொழில் ஒன்றே ஒன்று. பிள்ளைகளின் உச்சந்தலையை முகர்வார். கணக்கு வருமா, அறிவியல் வருமா, ஆங்கிலம் வருமா என்று சொல்லிவிடுவார். வராத தலைக்குத் தைலம் விற்பார். வாத்தியார்கள் வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியும் ஏறாத படிப்பை ஒரு பாட்டில் ஏற்றிவிடும் என்றால் கூட்டத்துக்குக் கேட்பானேன்?

பிள்ளை வந்து மகான் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி நிற்க வேண்டும். சுற்றினால்தான் வாசனை கிளம்புமாம். அதற்கப்புறம்தான் மகான் கண்ணைத் துணியால் கட்டிக்கொள்வார். இழுத்து ஒரு மூச்சு. "கணக்கு காலி" என்பார். பெற்றவள் மூக்கைச் சிந்துவாள். பையன் போன வாரம்தான் கணக்கில் கோட்டை விட்டிருப்பான்.

பத்தாம் வகுப்பில் கேள்விக்குறி என்று ஒரு பெண். எதற்கெடுத்தாலும் ஏன், எப்படி என்று குடைவதால் வாத்தியார்கள் வைத்த பெயர். கணக்கில் வகுப்பிலேயே முதல் மார்க். அவள் தலையை முகர்ந்த மகான் முகத்தைச் சுளித்தார். கணக்கு வாசனை துளியும் இல்லை, இவளைக் கணக்கே இல்லாத படிப்பில் தள்ளிவிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அப்பா லாரி ஓட்டுகிறவர். லாரியில் எந்த ஆணி கழன்றாலும் சத்தத்தை வைத்தே சொல்வார். மகளின் மார்க்கை மட்டும் நம்ப மாட்டேன் என்றார்.

"அப்பா, நான்தானே கணக்குல முதல் மார்க்கு?"

"மார்க்கு பொய் சொல்லும்மா. மூக்கு பொய் சொல்லுமா?"

அடுத்த வருஷம் எந்தப் பிரிவு என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வேண்டும். அப்பா முடிவு பண்ணிவிட்டார். கணக்குப் பிரிவு கிடையாது. கேள்விக்குறிக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று அம்மா அவளுடைய வெள்ளைப் பாவாடையைத் துவைத்துக்கொண்டே திட்டினாள். வயசுப் பெண் இப்படிப் புல்லில் உருண்டு பாவாடைப் பின்பக்கமெல்லாம் பச்சையாக்கிக்கொண்டு வந்தால் யார் துவைப்பது என்று கேட்டாள்.

கேள்விக்குறி யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் எங்கே பார்த்தாலும் சிமென்ட். புல் இருந்தால்தானே உருள?

மறுநாள் போய்ப் பார்த்தாள். கணக்கில் மட்டமானவர்களுக்குச் சாயங்காலம் தனி வகுப்பு நடக்கும் அறையில் பெஞ்செல்லாம் பச்சை. அறிவியல் தனி வகுப்பில் நீலம். ஆங்கிலத்தில் காவி. போன வருஷம் அடித்த பெயின்ட், இன்னும் காயவில்லை. வியர்த்தால் ஒட்டும். பிள்ளைகள் அதைத் தங்கள் பின்பக்கத்தில் வீட்டுக்குச் சுமந்துபோனார்கள். பச்சையைப் பார்த்த அம்மா புல் என்றாள். நீலத்தைப் பார்த்த அம்மா மை என்றாள். காவியைப் பார்த்த அம்மா மண் என்று முதுகில் ஒன்று வைத்தாள். கேள்விக்குறி அந்தக் கணக்கு அறைக்குப் படிக்கப் போகவில்லை. தோழிக்குச் சொல்லிக்கொடுக்கத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயின்டுக்கு அதெல்லாம் தெரியுமா?

மகானும் வந்து முகர்வார் என்றதால் பெற்றோர் கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. பெஞ்சு தூக்கிவர ஆள் கேட்டார்கள். கேள்விக்குறியும் தோழியும் முந்திக்கொண்டு கணக்கு அறையின் பச்சை பெஞ்சுகளைத் தூக்கிவந்து முன்வரிசையில் போட்டார்கள். முன்வரிசை என்றால் பெரிய மனுஷர்கள். தலைமை ஆசிரியர் உட்கார்ந்தார். கணக்கில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அதைச் சொல்லாமல் யாருக்கும் வணக்கம்கூட வைக்க மாட்டார். அப்பாவும் அங்கேயே இடம் பிடித்தார். நல்ல புழுக்கம். எல்லோரும் நன்றாக வியர்த்தார்கள்.

மகான் மூக்கு கழுவ உள்ளே போயிருந்தார். முகர்வதற்கு முன்னால் அதற்கே தனி நேரம் ஒதுக்குவார். கேள்விக்குறி தலைமை ஆசிரியரிடம் போய், மகானின் பெருமை ஊருக்கெல்லாம் தெரிய ஒரு வழி இருக்கிறது என்றாள். சார் மேசைத் துணியைத் தலையிலிருந்து இடுப்பு வரை போர்த்திக்கொண்டு நிற்கட்டும், ஆள் யாரென்று தெரியாமலே மகான் சாரின் கணக்கு மூளையைக் கண்டுபிடிப்பார் என்றாள். தலைமை ஆசிரியர் மகானின் பரம பக்தர். அவருக்குப் புல்லரித்துவிட்டது. ஆள் குள்ளம், போட்டிருந்ததும் பையன்களைப் போலவே வெள்ளைக் கால்சட்டை. துணிக்குள் புகுந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பையன்தான்.

மகான் திரும்பி வந்தார். பையன் என்ன முக்காடு போட்டிருக்கிறான் என்று கேட்டார். வெட்கம் என்றாள் கேள்விக்குறி. முக்காடு ஒரு சுற்றுச் சுற்றியது. மகான் பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டு கண்ணைக் கட்டினார். துணியோடு சேர்த்து முகர்ந்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ பாவம். கணக்கு சுத்தமா காலி. ஏழாம் வாய்ப்பாடே இதுக்கு வராது. ரெண்டு பாட்டில் தைலம் தேயுங்க. அப்பவும் சந்தேகம்தான்."

துணி விலகியது. உள்ளே தங்கப் பதக்கம் விழித்துக்கொண்டு நின்றது.

மகான் சளைக்கவில்லை. இது போன பிறவி வாசனை என்றார். கேள்விக்குறி முன்வரிசையைப் பார்த்து, பெரியவங்க எல்லாம் எழுந்து ஒரு சுற்று சுற்றுங்க என்றாள். சுற்றினார்கள். வரிசையாகப் பச்சை. கவுன்சிலர் பச்சை, டாக்டர் பச்சை, வங்கி மேனேஜர் பச்சை. கடைசியில் அப்பா, அகலமாகப் பச்சை. பின்வரிசைப் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள்.

"மகானே, இப்ப முதல்ல கண்ணைக் கட்டிக்கிட்டு அப்புறம் எங்களைச் சுத்தச் சொல்லுங்க. மூக்குதானே பாக்குது?"

மகான் தாடியை நீவினார். வாசல் காவலாளி அவரை உற்றுப் பார்த்தார்.

"இந்த மூக்கை நான் பாத்திருக்கேனே. போன வருஷம் பெஞ்சுக்குப் பெயின்ட் அடிச்ச ஆளு. அப்ப தாடி இல்ல."

மகான் தைலப் பெட்டியைக்கூட எடுக்காமல் ஓடினார். தலைமை ஆசிரியர் மட்டும் கவலையோடு ஏழாம் வாய்ப்பாட்டை ஒருமுறை முணுமுணுத்துச் சரிபார்த்துக்கொண்டார்.

அப்பா கையைப் பின்னால் வைத்து மறைத்துக்கொண்டே ஆசிரியர் மேசைக்குப் போய், கணக்குப் பிரிவு என்று சொல்லிவிட்டு வந்தார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எல்லாரும் நம்புனாங்க, நானும் நம்பிட்டேன்மா."

"எல்லாரும் பச்சைதான்பா."

தலையை அடுத்தவன் மூக்குக்குக் காட்டிவிட்டுப் பாட்டிலோடு வீடு திரும்பிய பெரியோர்களே, அந்தத் தலையை ஒருநாள் நீங்களே உபயோகித்துப் பாருங்கள். தைலம் தேவைப்படாது. உட்காரும் முன் பெஞ்சையாவது பார்ப்பீர்கள்.